சிகரெட்டைக் கைவிடக் காந்தத் தூண்டல் சிகிச்சை: எடுத்துக்கொண்டவர்களின் அனுபவங்கள்

மழைத்துளி:

நிக்கோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பேட்ச், மாத்திரை என்று எல்லாம் பார்த்து ஓய்ந்த பிறகுதான் இந்தச் சிகிச்சைக்குச் சம்மதித்தேன். மூளை, காந்தம் என்ற சொற்களைக் கேட்டதுமே வீட்டில் மின்னதிர்ச்சி சிகிச்சை என்று நினைத்துப் பதறினார்கள். அது வேறு, இது வேறு. மயக்க மருந்து கிடையாது. விழித்தபடியே நாற்காலியில் சாய்ந்திருக்கலாம். தலையில் ஹெல்மெட் போன்ற ஒன்றைப் பொருத்துகிறார்கள். அதற்குள் இருக்கும் கம்பிச்சுருள் காந்தத் துடிப்புகளை அனுப்புகிறது. சத்தம் பலமாக இருக்கும், காதை அடைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் விசையின் அளவைக் கணிக்கிறார்கள். துடிப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போக, ஒரு கட்டத்தில் என் கட்டைவிரல் தானாகத் துள்ளியது. நான் அசைக்கவில்லை, ஆனாலும் அசைகிறது. இத்தனை வருடங்களாக சிகரெட் பாக்கெட்டை நோக்கிப் போன கையும் ஏறக்குறைய இப்படித்தானே போயிருக்கிறது என்று தோன்றியது. மனவுறுதி இல்லாதவன் என்று என்னை நானே திட்டிக்கொண்ட பாரம் அங்கேயே பாதி இறங்கிவிட்டது.

போகிறவர்கள் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. ஒவ்வொரு அமர்வுக்கும் முன்பு புகைக்கும் ஆசையை வேண்டுமென்றே கிளப்பிவிடுகிறார்கள். ரசித்துப் புகைத்த ஒரு வேளையைக் கண்மூடி நினைக்கச் சொல்கிறார்கள். பிறகு சிகரெட் படங்களைக் காட்டுகிறார்கள். நாக்கு வறண்டு, நெஞ்சு தவித்து, எழுந்து ஓடிவிடலாமா என்றிருக்கும். அந்தத் தவிப்பின் நடுவில்தான் துடிப்புகள் தொடங்கும். ஏக்கத்தைச் சுமக்கும் நரம்புப் பின்னல் விழித்திருக்கும்போது தொட்டால்தான் அதை மாற்ற வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர் விளக்கினார். எனக்கு மிகவும் கடினமாக இருந்ததும் இதுதான், மிகவும் உதவியதும் இதுதான் என்று நம்புகிறேன்.

ஆசை ஒரேயடியாக மறைந்துவிடவில்லை. வரத்தான் செய்தது, இழுத்துக்கொண்டு போகும் வேகம் மட்டும் தளர்ந்தது. சாப்பாடு முடிந்து சிகரெட்டைத் தேடாமல் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன் என்பதை வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன். இப்போது புகைப்பதில்லை.

விடியல்:

இந்தச் சிகிச்சைப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். இதற்கு வழிகாட்டிய சான்றுகளில் ஒன்று 2007இல் வெளியானது. பக்கவாதம் போன்றவற்றால் மூளையின் உட்புறத்தில் இருக்கும் இன்சுலா பகுதி சேதமடைந்தவர்களில் சிலர், சிகரெட்டைச் சிரமமின்றி விட்டிருந்தார்கள். ஏக்கம்கூட அவர்களுக்குத் திரும்பவில்லை. அந்த இன்சுலாவையும் முன்மூளையின் இரு பக்கங்களையும்தான் இந்தக் கம்பிச்சுருள் எட்டுகிறது. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி தந்தது. மூன்று வாரங்கள் வாரத்துக்கு ஐந்து அமர்வு, அடுத்த மூன்று வாரங்கள் வாரத்துக்கு ஒன்று என்பது அந்த முறை.

எண்களையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் 262 பேர் இருந்தார்கள். தொடர்ந்து நான்கு வாரம் புகைக்காமல் இருந்தவர்கள், உண்மையான தூண்டல் பெற்றவர்களில் 19.4 சதவீதம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் போலித் தூண்டல் பெற்றவர்களில் 8.7 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல்தான். ஆனாலும் பெரும்பாலோர் விடவில்லை என்பதையும் அதே எண் சொல்கிறது. நிச்சயம் குணமாகும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

தலைக்குள் உலோகக் கிளிப்போ காதுக்குள் அறுவை சிகிச்சை செய்து பொருத்திய கேட்புக் கருவியோ இருந்தால் இந்தச் சிகிச்சை கூடாது. ஒருமுறையாவது வலிப்பு வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். வலிப்பு அரிதுதான், ஆனால் வரக்கூடியது.

தனிவழி:

எனக்குத் தலைவலியும் தாடை துடிப்பதும் முதல் வாரம் முழுக்க இருந்தன, பிறகு பழகிவிட்டது. அமர்வுகள் எல்லாவற்றையும் முடித்தேன். சில வாரங்கள் நன்றாக இருந்தது. வேலையில் பெரிய நெருக்கடி வந்தபோது மறுபடியும் புகைக்கத் தொடங்கிவிட்டேன், இன்றும் புகைக்கிறேன். முன்பைவிடக் குறைவுதான்.

மழைத்துளி எழுதியதைப் படித்தபோது பொறாமையாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தது. அடுத்த முறை சிகிச்சையோடு மனநல ஆலோசகரையும் தொடர்ந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்; சேரப்போகிறேன். வாராந்திர அமர்வுகள் முடிந்த பிறகான முதல் சில மாதங்களை நீங்கள் எப்படிக் கடந்தீர்கள்? அதைக் கொஞ்சம் விரிவாக எழுத முடியுமா?