கால்விரல் மரத்துப்போன ஆட்டங்கள்: கடுங்குளிரில் நேரில் போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

இங்கே பாதிப்பேர் வெளிநாட்டில் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். எலும்புக்குள் இறங்குகிற குளிரில் மைதானத்தில் உட்கார்ந்து கால்பந்து பார்த்த அனுபவம் யாருக்கெல்லாம் உண்டு? போர்வைக்குள் இருந்து டிவியில் பார்த்ததெல்லாம் கணக்கில் வராது. முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2021 நவம்பர் 16, எட்மன்டன். கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம். நான் கனடா வந்து அது இரண்டாவது குளிர்காலம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், மார்கழியில் தாத்தா மப்ளர் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போவதுதான் நான் பார்த்த அதிகபட்சக் குளிர். கூட வேலை பார்க்கும் ஒருவர் டிக்கெட்டையும் எடுத்துவிட்டு, "வரியா?" என்று கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் வானிலையைப் பார்த்தேன், மைனஸ் ஒன்பது, காற்றோடு சேர்ந்தால் இன்னும் கீழே.

காமன்வெல்த் ஸ்டேடியம் 1978 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டியது, தலைக்கு மேல் கூரை கிடையாது. முந்தின நாள் கொட்டிய பனியை ஆட்களை வைத்து மண்வெட்டியால் வாரி ஆடுகளத்தின் ஓரமாகக் குவித்திருந்தார்கள். மெக்சிகோவின் அஸ்டெகா மைதானத்துக்குப் பதிலடி என்று அந்த வாரம் முழுக்க எல்லோரும் அதை 'ஐஸ்டெகா' என்றே கூப்பிட்டார்கள். கூட்டம் 44,212 பேர். அந்தக் குளிரில் அவ்வளவு பேர் வருவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

நான் செய்த பெரிய தப்பு, மூன்று ஜோடி சாக்ஸ். ஒன்றுக்கு மூன்றாகப் போட்டால் மூன்று மடங்கு சூடு என்று ஒரு கணக்கு. ஷூ இறுகிப்போய் ரத்த ஓட்டமே நின்றது போல ஆகி, இருபதாவது நிமிடத்துக்கெல்லாம் விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. கோவிட் காலம் வேறு, மாஸ்க்குக்கு மேலே வருகிற மூச்சு கண்ணாடியில் படிந்து அங்கேயே உறைந்தது, நகத்தால் சுரண்டிச் சுரண்டித்தான் ஆட்டம் பார்த்தேன். தாங்க முடியாமல் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னாலேயே எழுந்து ஹாட் சாக்லேட் வாங்கப் போனேன். வரிசையில் நிற்கும்போது தலைக்கு மேலே கான்கிரீட் அதிர்கிறது. கனடாவின் லாரின் கோல் போட்டுவிட்டார். 90 டாலர் டிக்கெட், கோல் விழுந்த நேரத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது முன்னால் நின்றவரின் முதுகை.

இடைவேளைக்குப் பிறகு லாரினே இன்னொன்று போட்டார், அதைப் பார்த்தேன். கனடா வீரர் அடெகுக்பே அந்தப் பனிக்குவியலுக்குள் தாவிக் குதித்ததைப் பார்க்கவில்லை, வீட்டுக்கு வந்து வீடியோவில்தான் பார்த்தேன். 90ஆவது நிமிடத்தில் மெக்சிகோ ஒன்று திருப்பிப் போட்டது, அதன் பிறகு கோல் கோட்டிலேயே இருந்த பந்தை எங்கள் கோல்கீப்பர் போர்யான் கையை நீட்டி வெளியே இழுத்துப் போட்டார் பாருங்கள், என் பக்கத்தில் இருந்த பாட்டி என் ஜாக்கெட்டைப் பிடித்து உலுக்கிவிட்டார். 2-1. மெக்சிகோவை 2000க்குப் பிறகு கனடா ஜெயித்தது அன்றைக்குத்தான். அந்த நேரத்தில் குளிரே தெரியவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் தெரிந்தது, நன்றாகவே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து காலைச் சுடுதண்ணீரில் விட்டேன். யாரும் அப்படிச் செய்யாதீர்கள். மரத்துப்போன தோலுக்குச் சூடு எவ்வளவு என்றே தெரியாது. அப்புறம் உணர்ச்சி திரும்பி வரும்போது ஊசியால் குத்துவது போல அரை மணி நேரம் வலித்தது.

* * *

வணக்கம் தம்பி. உங்களுக்காவது ஆட்டம் நடந்தது.

நான் யாழ்ப்பாணம், இங்கிலாந்துக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேல். மகனுக்கு ஒன்பது வயது இருக்கும்போது ஒரு ஜனவரி சனிக்கிழமை, நாலாம் பிரிவு உதைபந்தாட்டம் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கழகத்தின் பெயர் வேண்டாம், சின்னக் கழகம், பாவம். இரண்டு மணித்தியாலக் கார் ஓட்டம். மூன்று மணிக்கு ஆட்டம் என்றபடியால் நேரத்தோடேயே போய்விட்டோம், கதவு திறந்துதான் கிடந்தது, உள்ளே போய்ப் பார்த்தால் நடுவர் மைதானத்தில் அங்குமிங்கும் நடந்து திரிகிறார். ஒரு பக்கம் வெயில் பட்டு இளகியிருக்கிறது, கூரையின் நிழல் விழுகிற மற்றப் பக்கம் கல்லாய் இறுகிக் கிடக்கிறது. சப்பாத்துக் குதியால் குத்திப் பார்த்தார், பந்தைப் போட்டுப் பார்த்தார், அது சீமெந்துத் தரையில் விழுந்த மாதிரி டொக் என்று எழும்பியது. ஒன்றரை மணிக்கு ஆட்டம் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். காலமையே தொலைபேசியில் கேட்டபோது "கட்டாயம் நடக்கும்" என்று சொன்னது இதே ஆட்கள்தான்.

மகன் அழத் தொடங்கிவிட்டான். பக்கத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரக் கிழவர், தோளில் கழகத்தின் சால்வை, அவர் அசையவே இல்லை. "இதெல்லாம் ஒரு குளிரா, நீ 1963 பார்க்கவில்லை" என்று மகனிடம் கதை தொடங்கினார். அந்த வருசம் இங்கிலாந்துக் கழகங்கள் மோதும் எஃப்.ஏ. கிண்ணத்தின் மூன்றாம் சுற்று ஜனவரி 5இல் தொடங்கி மார்ச் 11இல்தான் முடிந்ததாம். ஒரேயொரு சுற்றுக்கு 66 நாள்! லிங்கன் - கொவென்ட்ரி ஆட்டம் மட்டும் 15 தரம் தள்ளிப்போனது. ஹாலிஃபாக்ஸ் கழகம், இனி உதைபந்து சரிவராது என்று தன் மைதானத்தையே பனிச்சறுக்குத் திடலாக்கிக் காசுக்குத் திறந்துவிட்டது. ஆட்டமே இல்லாமல், ஆட்ட முடிவுகளின் மேல் காசு கட்ட வைக்கும் பந்தயச் சீட்டுக்காரர்களின் தொழில் படுத்துப்போக, டொம் ஃபின்னி, டொமி லோட்டன் மாதிரிப் பழைய வீரர்களை ஒரு அறைக்குள் இருத்தி, நடக்காத ஆட்டங்களுக்கு யார் வென்றது என்று 'முடிவு' சொல்ல வைத்தார்கள். நான் கிழவர் கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு நூலகத்தில் தேடிப் பார்த்தால் எல்லாம் உண்மை.

மனைவி பிளாஸ்கில் மல்லித்தண்ணி ஊற்றித் தந்திருந்தார், மிளகும் இஞ்சியும் போட்டு. மூன்று பேரும் மூடியில் ஊற்றி ஊற்றிக் குடித்தோம். கிழவர் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மூடியைத் திரும்பவும் நீட்டினார்.

* * *

மல்லித்தண்ணி 👌 அண்ணா.

இங்கிலாந்தில் இருக்கிற சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மைதானத்தில் எல்லோரும் கப்பில் ஊதி ஊதிக் குடிப்பார்களே பவ்ரில், அதைச் சூப் என்று நினைத்து நான் ஒரு சீசன் முழுக்கக் குடித்தேன். மாட்டிறைச்சிச் சாறு. நடுவில் 2004இல் ஈஸ்டுக்கு மாற்றினார்கள், 2006இல் திரும்ப மாட்டுக்கே போய்விட்டார்கள். நான் குடித்தது எந்த வருடம் என்று அம்மாவிடம் சொல்ல மாட்டேன்.

* * *

மைனஸ் ஒன்பதெல்லாம் எங்கள் ஊரில் நல்ல நாள். நான் மினசோட்டா. 2022 பிப்ரவரி 2, செயின்ட் பாலில் அமெரிக்கா - ஹோண்டுராஸ். ஆட்டம் தொடங்கும்போது மைனஸ் 16. வீட்டுக்காரருக்குக் கிரிக்கெட்டைத் தவிர எதுவும் தெரியாது, எனக்காக வந்தார், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அனுபவத்தில் சொல்கிறேன். டிக்கெட் போனில் இருக்கும், அந்தக் குளிரில் பேட்டரி கண்ணெதிரே இறங்கும். என் போனில் அறுபது சதவீதம் இருந்தது, வாசலில் கையுறையைக் கழற்றி வெளியே எடுத்து இரண்டு நிமிடம் வரிசையில் நின்றேன், அணைந்துவிட்டது. ஸ்வெட்டருக்குள் விட்டு வயிற்றோடு ஒட்டி வைத்து மறுபடி உயிர் வரவைத்துத்தான் உள்ளே போனோம். உள்பையில் வையுங்கள், முறை வரும்போது மட்டும் எடுங்கள். இன்னொன்று, கையைச் சூடாக்கும் அந்தச் சின்னப் பொட்டலம். உள்ளே இருப்பது இரும்புத்தூள், காற்றுப் பட்டால்தான் சூடாகும். அதை இறுக்கமான ஷூவுக்குள் போட்டுவிட்டு ஏமாந்தேன், கையுறைக்குள் போட்டது மட்டும்தான் வேலை செய்தது.

அமெரிக்கா 3-0. ஆனால் எனக்கு ஹோண்டுராஸ்காரர்களைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. இடைவேளைக்குப் பிறகு அவர்களின் கோல்கீப்பரும் இன்னொருவரும் திரும்பி வரவில்லை, குளிர்தான் காரணம் என்று அவர்கள் தரப்பில் சொன்னார்கள். வெயில் ஊர்க்காரர்களை வேண்டுமென்றே அங்கே வரவழைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. நம்மூர்ப் பையன்கள் யாராவது அந்த இடத்தில் நின்றிருந்தால் நாம் சும்மா இருப்போமா?

* * *

அக்கா, இதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. ஹோண்டுராஸ் என்ன, குளுகுளு அறையிலா ஆட்டம் வைக்கிறது? சான் பெட்ரோ சூலாவில் பட்டப்பகல் வெயிலில் ஆட வைப்பார்கள். 2012இல் கனடா அங்கே போய் 8-1 என்று தோல்வி வாங்கிக்கொண்டு வந்தது. மெக்சிகோ கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்க வைக்கும். அவரவர் ஊர், அவரவர் ஆயுதம். 2013இல் கொலராடோவில் பனி கொட்டக் கொட்ட ஆடி அமெரிக்காவிடம் தோற்ற கோஸ்டாரிகா ஃபிஃபாவரைக்கும் போய்ப் புகார் செய்தது, தள்ளுபடிதான் ஆனது. (ஆனால் அந்த ஆட்டத்தில் கோட்டைக் கண்டுபிடிக்கவே மண்வெட்டியோடு ஆள் வரவேண்டியிருந்தது, அதை நிறுத்தியிருக்கலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன்.)

* * *

சண்டை போடாமல் குளிருக்கு வாருங்கள் :)

நான் டார்ட்முண்டில் படித்தவன். அங்கே கால்பந்து மைதானத்தின் தெற்குப் பக்கம் நின்றுகொண்டே பார்க்கிற பகுதி, சுமார் 25,000 பேர் தோளோடு தோள் நிற்பார்கள். டிசம்பரில் அங்கே நின்றேன், உண்மையில் வியர்த்தது. மழை நாளில் மாட்டுத்தொழுவத்துக்குள் நிற்கிற மாதிரி ஒரு கதகதப்பு, வாசனையும் கிட்டத்தட்ட அதேதான். அடுத்த மாதம் யாரோ இலவசமாகக் கொடுத்தார்களே என்று உட்காருகிற டிக்கெட்டில் போனேன். நல்ல இடம், கூரையும் உண்டு, முக்கால் மணி நேரத்தில் விறைத்துப்போனேன்.

பக்கத்தில் இருந்த ஜெர்மன்காரர் பையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியைத் தட்டையாக மடித்தபடி எடுத்துக் காலுக்கடியில் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் என் ஷூவைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் அட்டையைப் பாதியாகக் கிழித்து என் பக்கம் தள்ளினார். குளிர் மேலேயிருந்து வருகிறது என்று நாம் தொப்பியும் மப்ளருமாகச் சுற்றிக்கொள்கிறோம், அது கான்கிரீட் வழியாகக் கீழேயிருந்துதான் ஏறுகிறது. அட்டை போட்ட ஐந்து நிமிடத்தில் வித்தியாசம் தெரிந்தது. அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற பார்சல் பெட்டி எதையும் நான் தூக்கிப்போடுவதில்லை.

* * *

தம்பி சொல்கிற அட்டை வேலை உண்மை. நாங்கள் செய்தித்தாளை நாலாக மடித்துச் சப்பாத்துக்குள் வைப்போம், அதுவும் உதவும், ஆனால் நனைந்தால் துலைஞ்சுது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அன்றைக்கு நடக்காத ஆட்டத்தை மூன்று கிழமை கழித்து ஒரு செவ்வாய் இரவு வைத்தார்கள், அது சனிக்கிழமையை விடக் குளிர். மகனுக்கு அடுத்த நாள் பள்ளிக்கூடம் என்று மனைவி விடவில்லை, நான் தனியப் போனேன். கிழவர் அதே இடத்தில் நின்றார். என்னைக் கண்டதும் முதலில் பார்த்தது என் கையிலிருந்த பிளாஸ்கைத்தான்.

* * *

அண்ணா, ஸ்கோர் என்ன?

* * *

0-0.