கல்லடி வண்டுகள் ஜாடியில் ஏன் சாகின்றன?

கேள்வி:
ஓடைக் கற்களைப் புரட்டினால் 2, 3 மி.மீ. நீளக் கறுப்பு வண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நீந்துவதில்லை, மூச்சு வாங்க மேலே வருவதுமில்லை. ஓடைத் தண்ணீரோடு ஜாடியில் விட்டால் ஒரே நாளில் செத்துவிடுகின்றன. குளத்து வண்டுகள் அதே ஜாடியில் நன்றாகவே இருக்கின்றன. ஏன்?

பதில் 1:
எல்மிடே குடும்பம்போல் தெரிகிறது. லென்ஸில் வயிற்றுப் பக்கம் பாருங்கள், வெள்ளிப் பூச்சுபோல் மின்னும். நெருக்கமான நுண்மயிர்கள் பிடித்து வைத்திருக்கும் காற்றுப்படலம் அது. குளத்தில் நீந்தும் வண்டு இறக்கைமூடிக்கு அடியில் காற்றை நிரப்பிக்கொண்டு முங்கும். தீர்ந்தால் மேலே வரும். இந்தப் படலமோ சுருங்காது. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் அதற்குள் வந்துகொண்டே இருக்கும். ஆனால் தேங்கிய நீரில் ஆக்சிஜன் குறைந்தால் ஓட்டம் திரும்பிவிடும்: படலத்திலிருந்து ஆக்சிஜன் தண்ணீருக்குப் போகும். சோப்பு போட்டுக் கழுவிய ஜாடி என்றால் இன்னும் மோசம். மிச்சமிருக்கும் சோப்பு பரப்பு இழுவிசையைக் குறைக்கும், மயிர்கள் நனையும், படலம் போய்விடும்.

பதில் 2:
வளர்க்கத்தான் வேண்டுமென்றால் அகலமான தட்டு, 5 செ.மீ. தண்ணீர், ஏர் பம்பு, நிழல். கல்லைத் தேய்த்துக் கழுவாதீர்கள், அந்த வழுக்கல் பாசிதான் சாப்பாடு. நீச்சல் தெரியாததால் பிடிக்கச் சொரசொரப்பான கல்லோ ஊறிய மரத்துண்டோ வேண்டும்.

லார்வா தனிக் கதை. அதற்கு வால் நுனியில் செவுள். ஒரு மூடிக்குள் இழுத்துக்கொள்ளும். கூட்டுப்புழு ஆவது தண்ணீரில் இல்லை, கரையோர ஈரமண்ணில். தட்டில் ஒரு பக்கம் ஈர மணல் மேடு வைக்காவிட்டால் லார்வா லார்வாவாகவே நிற்கும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, சோப்பு போட்டுத்தான் கழுவினேன். அதே கற்களில் நாணயம் மாதிரித் தட்டையாக ஒட்டியிருப்பதும் இதன் லார்வாவா?

பதில் 2:
இல்லை, அது செஃபெனிடே என்ற வேறொரு வண்டுக் குடும்பத்தின் லார்வா. நகத்தால் நெம்பாதீர்கள், ஓரம் கிழியும். மெல்லிய பிரஷ்ஷைப் பக்கவாட்டில் செலுத்துங்கள். வளர்ந்த வண்டைத் தண்ணீருக்கு வெளியே, நனைந்த பாறைகளில் தேடுங்கள்.

பதில் 3:
எண்ணிக்கை எடுப்பதானால் 0.5 மி.மீ. கண்ணி வலையை நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் நிறுத்தி, அதற்கு மேல்பக்கக் கற்களைக் காலால் கிளறுங்கள். பிறகு வெள்ளைத் தட்டில் கொட்டி, பத்து நிமிடமாவது அசையாமல் பாருங்கள். எல்மிடே மெதுவாகத்தான் நகரும். அவசரப்பட்டால் மண்துகள் என்று கொட்டிவிடுவீர்கள். பாதுகாக்க 70–80% எத்தனால். மாதிரியோடு வரும் தண்ணீர் அதை நீர்க்கச் செய்யும், மறுநாளே மாற்றுங்கள்.