மருந்து இருந்தது, போட ஆள் இல்லை: ஊர் ஆஸ்பத்திரிக்காகப் பேசிய அனுபவங்கள்

கள்ளக்குறிச்சி பக்கமிருந்து:

கரும்புக்குச் சோகை உரிக்கப் போன எங்கள் பெரியம்மாவைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. இருட்டுகிற நேரம். பைக்கில் நடுவில் உட்காரவைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். இருந்தது ஒரே ஒரு நர்ஸ். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்த்தார். உறையாமல் தண்ணியாக ஓடியது, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம். "108க்குச் சொல்லிட்டேன், ஜி.எச். போயிடுங்க" என்றார். பெரியம்மா பிழைத்தார், ஆனால் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் வரை போய்த்தான் மீண்டார்.

பாம்புக்கடி மருந்துகூட இல்லாத ஆஸ்பத்திரி என்று ஊரே கொதித்தது. நான் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மருந்து இருப்புப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கினேன். அன்றைக்கு மருந்து ஃபிரிட்ஜில் இருந்திருக்கிறது! ஏற்றும்போது ஒவ்வாமை வந்தால் சமாளிக்க ராத்திரியில் டாக்டர் இல்லை, அதுதான் விஷயம். 'மருந்து வேண்டும்' என்று மனு போட்டிருந்தால் 'போதிய இருப்பு உள்ளது' என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். நர்ஸைத் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிரசவ வார்டையும் அவரேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாகவே எழுதவைத்தோம். இரவில் கூப்பிட்டால் வரவேண்டிய டாக்டர் யார், அவர் எண் என்ன என்று பலகையில் இருக்க வேண்டும். ஜி.எச்.சுக்கு அனுப்பும் முன் முதல் டோஸை இங்கேயே ஏற்ற வேண்டும். பொங்கலுக்குள் பலகை வந்துவிட்டது. அப்புறம் கடிபட்டு வந்த ஒரு பையனுக்கு டாக்டர் வந்து மருந்தை ஏற்றிவிட்டுத்தான் ஆம்புலன்ஸில் அனுப்பினார்.

மலைக்கிராமத்திலிருந்து:

மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. எங்களுக்குக் கட்டடம் இருக்கிறது, நர்சம்மா பணியிடம் காலி. கர்ப்பத்தை நர்ஸிடம் பதிந்தால் கிடைக்கும் பிக்மி எண் இல்லாமல் மகப்பேறு உதவித்தொகை கிடைக்காது. அதற்காக மாசமாக இருக்கும் பெண்கள் ஜீப்புக்குக் காசு கொடுத்துக் கீழே இறங்க வேண்டியிருந்தது. கட்சிக்காரர்களை முன்னே விட்டால் சால்வை போட்டுப் படம் எடுத்ததோடு சரி. கடைசியில் மகளிர் குழுப் பெண்களே திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸுக்குப் போனோம். எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி தள்ளிப்போனது என்று தெரிகிற மாதிரி அட்டைகளின் ஜெராக்ஸை மனுவோடு சேர்த்திருந்தோம். கலெக்டர் புரட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்த சுகாதார அதிகாரியிடம் அப்படியே நீட்டினார். இப்போது பக்கத்து நர்ஸ் வாரம் இரண்டு நாள் வருகிறார். நிரந்தரமாக இன்னும் ஆள் போடவில்லை. மறுபடியும் போவோம்.

இன்னொருவர்:

கள்ளக்குறிச்சி நண்பருக்கு ஒன்று. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை 'அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோய்' ஆக்கிவிட்டது, அதாவது ஆஸ்பத்திரிகள் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த அரசாணை நகலையும் தீர்மானத்தோடு இணைத்துவிடுங்கள், கேள்வி கேட்க வசதி. அப்புறம், தீர்மானம் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். எங்கள் ஊரில் முதலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கூட்டம் கலைந்த பிறகு எழுதுவார்கள். நாங்கள் கேட்ட ஆம்புலன்ஸ் எழுதி முடிக்கும்போது தெருவிளக்காகியிருந்தது.