டீசல் காரின் டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) கரியைப் பிடிப்பது எப்படி? அதைக் கழற்றிவிடலாமா?

கேள்வி: திருப்பூர் நூல்கடை

வணக்கம். என்னிடம் இருப்பது 2021இல் வாங்கிய பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை விதிக்கு உட்பட்ட) டீசல் கார். வீட்டிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து நிட்டிங் யூனிட்டுக்கும், அங்கிருந்து சாயப்பட்டறைக்கும் என ஊருக்குள்ளேயே ஓடுகிறது. டேஷ்போர்டில் டிபிஎஃப் விளக்கு அடிக்கடி எரிவதால் பட்டறை ஒன்றில் காட்டினேன். உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிட்டு ஈசியூவில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியில்) புரோகிராமை மாற்றிவிட்டால் தொல்லை தீரும், மைலேஜும் கூடும் என்கிறார்கள். அதற்குச் சம்மதிக்கும் முன், இந்த வடிகட்டி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். கரியெல்லாம் உள்ளேயே தங்கினால் என்றைக்காவது நிரம்பித்தானே ஆக வேண்டும்?

பதில்: பீளமேடு பொறியாளர்

வடிகட்டி என்றதும் சல்லடையை நினைத்துக்கொள்கிறோம். இதன் வேலை வேறு மாதிரி. உள்ளே இருப்பது சிலிக்கான் கார்பைடு அல்லது கார்டியரைட்டால் ஆன பீங்கான் கட்டி. அதில் நீளவாக்கில் நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்கள் உண்டு. ஒரு குழாயின் முன்வாய் திறந்திருந்தால் பின்வாய் அடைபட்டிருக்கும். அதை ஒட்டிய குழாயில் முன்வாய் அடைபட்டுப் பின்வாய் திறந்திருக்கும். ஆகவே உள்ளே புகுந்த புகைக்கு, நுண்துளைகள் நிறைந்த சுவரின் ஊடே பக்கத்துக் குழாய்க்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

அந்தத் துளைகள் ஏறத்தாழ 10 முதல் 20 மைக்ரோமீட்டர் அகலமானவை. டீசல் கரித்துகளோ பெரும்பாலும் 0.1 மைக்ரோமீட்டர் அளவே இருக்கும். நியாயமாகப் பார்த்தால் அது நழுவிப் போயிருக்க வேண்டும். ஆனால் அவ்வளவு சிறிய துகளை வாயு மூலக்கூறுகள் நாலாபுறமும் இடித்து அலைக்கழிப்பதால், அது சுவரில் மோதி அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய கரி மெல்லிய படலமாகப் படிந்தபின், அடுத்து வருவதை அந்தப் படலமே பிடிக்கிறது. அதனால்தான் புத்தம்புது வடிகட்டியைவிடச் சற்றுக் கரி படிந்தது நன்றாக வடிகட்டுகிறது.

பிஎஸ்4 டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை துகள் அனுமதிக்கப்பட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 அதை 4.5 மில்லிகிராமாகக் குறைத்ததோடு, கிலோமீட்டருக்கு 60,000 கோடித் துகள்களுக்கு மேல் கூடாது என எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தது. எண்ணிக்கைதான் முக்கியம் என்பது என் கருத்து, ஏனெனில் நுரையீரலின் அடிவரை போகும் மிகச்சிறு துகள்கள் எடையில் கணக்குக்கே வராது. டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது.

நிரம்பாதா என்று கேட்டீர்கள். நிரம்பும், நிரம்ப நிரம்ப எரித்துவிடுகிறார்கள். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டைச் சென்சார் அளந்து சொல்ல, ஈசியூ சிலிண்டருக்குள் வழக்கத்தைவிடத் தாமதமாகக் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சுகிறது. அந்த டீசல் முன்னால் உள்ள வினையூக்கியில் எரிந்து, வெப்பம் 600 டிகிரி செல்சியஸ் அளவுக்கு உயர, படிந்த கரி கரியமில வாயுவாகிப் போய்விடும். இதுவே ரீஜெனரேஷன்.

பதில்: பெருந்துறை டிராவல்ஸ்

அண்ணா, உங்கள் ஓட்டத்தில்தான் கோளாறு. இன்ஜின் சூடேறும் முன் வண்டியை நிறுத்திவிடுகிறீர்கள். பாதி எரிந்த கரி அப்படியே நிற்கிறது. ஐடிலிங் ஆர்பிஎம் வழக்கத்தைவிடக் கூடியிருந்தாலோ, சாவியைத் திருப்பிய பிறகும் ஃபேன் இரைந்தாலோ ரீஜெனரேஷன் நடுவில் அணைத்திருக்கிறீர்கள் என்று பொருள். விளக்கு எரிந்தால் அவினாசியில் பைபாஸ் ஏறிச் செங்கப்பள்ளி, விஜயமங்கலம் சுங்கச்சாவடி வழியாகப் பெருந்துறை வரை, ஆர்பிஎம் 2000க்குக் கீழே இறங்காமல் ஒரே சீராக ஓட்டி வாருங்கள். எங்கள் வண்டிகள் அந்தச் சாலையிலேயே கிடப்பதால் இந்த விளக்கை நாங்கள் பார்ப்பதே அரிது. வால்குழாய்க்குள் விரலைவிட்டுத் தேய்த்தாலும் கரி ஒட்டாது. ஒட்டினால் உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

திருப்பூர் நூல்கடை

இருவருக்கும் நன்றி. ஆயில் டிப்ஸ்டிக்கில் அளவு கூடியிருக்கிறது. இதற்கும் அதற்கும் தொடர்புண்டா? கழற்றிய வண்டி புகைச் சோதனையில் தேறிவிடும் என்றும் பட்டறையில் சொன்னார்கள்.

பதில்: பீளமேடு பொறியாளர்

தொடர்பு உண்டு. தாமதமாகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்குகிறது. ரீஜெனரேஷன் பாதியில் நின்று மீண்டும் மீண்டும் தொடங்கினால் ஆயில் நீர்த்து அளவு கூடும்; மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். மாற்றும்போது சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் வேண்டும், டப்பாவில் உள்ள ஏசிஇஏ (ஐரோப்பிய கார் உற்பத்தியாளர் சங்கம்) சி2, சி3 போன்ற தரக் குறியீடுகளில் உங்கள் கையேடு சொல்வதைப் பாருங்கள். கரி எரியும், ஆனால் ஆயிலிலுள்ள கால்சியம், துத்தநாகம் விட்டுச்செல்லும் சாம்பல் எரியாது. வடிகட்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது அதுதான்.

புகைச் சோதனைக் கருவி ஒளி எவ்வளவு மறைகிறது என்பதை மட்டும் அளக்கிறது, துகள்களை எண்ணுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத புகையோடு தேறிவிடலாம். அதனால் செய்தது சரியாகிவிடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது.

பைபாஸ் ஓட்டத்துக்குப் பிறகும் விளக்கு அணையாவிட்டால், ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்பில் நிறுத்திய நிலையிலேயே ரீஜெனரேஷன் செய்யச் சொல்லுங்கள். புது வடிகட்டி போட வேண்டும் என்றால், கரி அளவையும் சாம்பல் அளவையும் தனித்தனியாகத் திரையில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள்.