இரண்டு பாடல்களை இணைக்கும் இடத்தில் தடுமாறுகிறேன், வழிகாட்டுங்கள்

வணக்கம் நண்பர்களே. டிஜே கலையைக் கற்கத் தொடங்கி மூன்று மாதங்கள் ஆகின்றன. கையில் இருப்பவை இரண்டு பாடல்களை ஒரே நேரத்தில் ஓட்டிக் கலக்க உதவும் இரண்டு சேனல் கன்ட்ரோலர், பழைய லேப்டாப், காதை முழுவதும் மூடும் ஹெட்போன்.

என் சிக்கல் இதுதான். நிமிடத்துக்கு 124 தட்டு கொண்ட பாடல் ஓடும்போது, 128 தட்டு கொண்ட அடுத்த பாடலை ஹெட்போனில் கேட்டபடி, அதன் வேகத்தை 3 சதவீதத்துக்குச் சற்று அதிகமாகக் குறைத்து இணைக்கிறேன். முதல் சில வினாடிகள் அழகாகப் போகிறது. பிறகு இரண்டு டிரம் அடிகளும் மெல்ல விலகி, குதிரைக் குளம்பொலிபோல் தடதடக்கத் தொடங்குகின்றன. எது முந்துகிறது, எது பிந்துகிறது என்று என் காதுக்குப் பிடிபடவே இல்லை. இரண்டின் தட்டுகளையும் தானாகவே பொருத்தும் சிங்க் பொத்தானை அழுத்தினால் சரியாகிவிடுகிறது. ஆனால் காது பழகாமல் அதையே நம்பியிருக்க மனம் ஒப்பவில்லை. நீங்கள் எப்படிப் பழகினீர்கள்? திரையில் ஓடும் அலைவடிவத்தை மறைத்துவிட்டுப் பயிற்சி செய்தால் பலன் உண்டா? ஒரே பாடலை இரண்டு பக்கமும் போட்டுப் பழகலாமா?

32 தட்டுகள் எண்ணி அடுத்த பாடலை நுழைப்பதும், ஒன்றில் பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலியைக் குறைத்து மற்றதில் ஏற்றுவதும் ஓரளவு கைவந்துவிட்டன.

இன்னொரு கேள்வி. என் கன்ட்ரோலரில் வேகத்தை மாற்றும் ஸ்லைடர் விரல் நீளம்கூட இல்லை. மயிரிழை அசைத்தாலே எண் தாவிவிடுகிறது. நீளமான ஸ்லைடர் உள்ள கருவிக்கு மாறுவதா, முதலில் நல்ல ஸ்பீக்கர் வாங்குவதா? இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லை. அடுத்த மாதம் தோழியின் பிறந்தநாளுக்கு வாசிக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன்.