120 மணி நேரமா, காலி இருக்கையா: யாருடைய அப்கிரேட் மேலானது?

நெடும்பயணி:
"அமெரிக்கன், டெல்டா, யுனைடெட் ஆகிய மூன்று அமெரிக்க விமான நிறுவனங்களின் மைலேஜ் திட்டங்களும் பெயரில்தான் வேறு, மேல்நிலை உறுப்பினருக்கு இலவச அப்கிரேட் (வாங்கிய டிக்கெட்டை விட உயர்ந்த வகுப்பில் இருக்கை) கிடைப்பதில் எந்த வேறுபாடும் இல்லை" என்று கணக்கன் நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. டெல்டாவில் டயமண்ட், பிளாட்டினம் என்ற மேல்நிலை உறுப்பினர்களுக்கு விமானம் புறப்பட 120 மணி நேரம் இருக்கும்போதே உள்நாட்டு முதல் வகுப்பு இருக்கை உறுதியாகத் தொடங்குகிறது. அமெரிக்கனின் எக்ஸிகியூட்டிவ் பிளாட்டினத்துக்கு அது 100 மணி நேரம், யுனைடெட்டின் 1கே உறுப்பினருக்கு 96 மணி நேரம். முழுதாக ஒரு நாள் முந்திக் கிடைப்பதை வேறுபாடே இல்லை என்று எழுதுபவர் இந்தத் திட்டங்களின் விதிகளைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறாரா?

கணக்கன்:
விதிகளைப் படித்ததால்தான் அப்படி எழுதினேன். 120 மணி நேரம் என்பது இருக்கை கொடுக்கத் தொடங்கக்கூடிய நேரமே தவிர, கொடுத்தே தீரும் நேரம் அன்று. நிறுவனம் அந்த இருக்கைகளைக் காசுக்கு விற்றுவிடலாம் என்று நம்பும் வரை ஒன்றையும் விடுவிக்காது. 120 மணி நேரத்தில் கதவு திறந்து உள்ளே ஓர் இருக்கையும் இல்லையென்றால், 96 மணி நேரத்தில் திறக்கும் கதவை விட அது எந்த வகையில் மேலானது? அமெரிக்கன் உறுப்பினரோடு டெல்டா உறுப்பினர் ஒரே வரிசையில் நிற்பதில்லை. அவரவர் நிறுவனத்தின் வரிசையில்தான் அவரவர் நிற்கிறார்.

ஜன்னலோரம்:
இருவரும் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தினால் நல்லது. அப்கிரேட் என்று நீங்கள் சொல்வது உள்நாட்டுப் பயணத்தில் தானாகக் கிடைக்கும் இலவச அப்கிரேடையா, அல்லது அமெரிக்கனின் சிஸ்டம்வைட் அப்கிரேட், யுனைடெட்டின் பிளஸ்பாயின்ட்ஸ், டெல்டாவின் குளோபல் சான்றிதழ் போன்ற, உறுப்பினர் தாமே விரும்பிய பயணத்துக்குப் பயன்படுத்தும் சான்றிதழ்களையும் புள்ளிகளையுமா? இரண்டும் வேறு வேறு பொருள்கள்.

நெடும்பயணி:
கணக்கனுக்கு ஒரு கேள்வி. 120 மணி நேரத்துக்கு மதிப்பே இல்லையென்றால், அழைப்பின் பேரில் மட்டுமே சேரக்கூடிய தங்கள் உச்ச நிலைகளான கன்சீர்ஜ் கீ, குளோபல் சர்வீசஸ் இரண்டுக்கும் அமெரிக்கனும் யுனைடெட்டும் அதே 120 மணி நேரத்தை ஏன் ஒதுக்கியிருக்கின்றன? தங்கள் மிகப் பெரிய வாடிக்கையாளருக்கு அவர்கள் எடுத்து வைத்திருக்கும் நேரத்தை டெல்டா தன் பிளாட்டினத்துக்கே கொடுக்கிறது. இதற்குப் பதில் வேண்டும்.

கணக்கன்:
பதில் உங்கள் வாக்கியத்திலேயே இருக்கிறது. டெல்டாவில் டயமண்டுக்கும் பிளாட்டினத்துக்கும் ஒரே 120 மணி நேரம்தான். நேரம்தான் எல்லாம் என்றால் இருவருக்கும் ஒரே அளவு வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். ஆனால் வரிசையில் டயமண்ட் எப்போதும் முன்னால் நிற்கிறார். அவருக்கும் முன்னால் டெல்டாவின் உச்ச நிலையான டெல்டா 360 உறுப்பினர் நிற்கிறார். ஆகவே இருக்கையைத் தீர்மானிப்பது நிலைதான், நேரம் அன்று. இதைக் கடந்த மாதம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பற்றிய விவாதத்திலும் உங்களுக்குச் சொன்னேன். அப்போதும் எண்ணைப் பிடித்துக்கொண்டு பொருளை விட்டுவிட்டீர்கள்.

நெடும்பயணி:
அந்த விவாதத்தை நீங்களே எடுத்ததால் சொல்கிறேன். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரலில் உறுப்பினர் நிலையைத் தீர்மானிக்கும் டியர் பாயின்ட்களைச் செலவழித்த பணத்தின் அடிப்படைக்கு மாற்றியபோது, தங்க நிலைக்கு 20,000 புள்ளிகள் வேண்டும் என்று எழுதியவன் நான். நம்பாமல் மூன்று முறை மறுத்தவர் நீங்கள். அந்த எண் சரியாக இருந்ததை இன்று வரை ஒப்புக்கொள்ளவில்லை. எண்களை நான் பிடித்துக்கொள்வதற்குக் காரணம், அவை சரியாக இருப்பதுதான்.

மேகவழி:
நேரத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், வரிசையில் நிற்பவர்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அமெரிக்கன் 2022இல் லாயல்டி பாயின்ட் என்ற நிலைப் புள்ளி முறைக்கு மாறியதிலிருந்து அதன் கடன் அட்டையில் செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் ஒரு புள்ளி சேர்கிறது. இரண்டு லட்சம் புள்ளிகள் சேர்த்தால் விமானத்தில் ஏறாமலே எக்ஸிகியூட்டிவ் பிளாட்டினம் ஆகிவிடலாம். ஆண்டுக்கு நூறு நாள் பறப்பவனுக்கு முன்னால் அட்டை தேய்த்தவர் உட்காருகிறார். என் மனக்குறை இதுதான்.

நெடும்பயணி:
மேகவழி சொல்வது முழு உண்மை. டெல்டாவில் பறந்தவனுக்கு மதிப்பு இருக்கிறது, 120 மணி நேரமும் இருக்கிறது.

கணக்கன்:
டெல்டாவில் அட்டைக்கு மதிப்பில்லையா? டெல்டாவின் ரிசர்வ் கடன் அட்டை வைத்திருப்பவருக்கு ஆண்டுத் தொடக்கத்திலேயே 2,500 எம்கியூடி (நிலையைக் கணக்கிடும் டாலர்) கிடைக்கிறது. அதற்கு மேல் பத்து டாலர் செலவுக்கு ஒன்று வீதம் சேர்கிறது. ஒரே நிலையில் உள்ளவர்களுக்குள் வரிசை பிரிக்கும்போதும் அந்த அட்டை கணக்கில் வருகிறது. 2023 செப்டம்பரில் டயமண்டுக்கு 35,000 எம்கியூடி என்று அறிவித்து, உறுப்பினர்கள் கொதித்தெழுந்த பிறகு அடுத்த மாதமே 28,000 ஆகக் குறைத்ததும் இதே டெல்டாதான். அந்த நிறுவனத்தைப் பறப்பவனின் தோழன் என்று காட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

நெடும்பயணி:
தவறு என்று உணர்ந்து குறைத்த நிறுவனத்தைக் குறை சொல்கிறீர்கள். குறைக்காத நிறுவனங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் ஒன்றுதான் கேட்டேன். 120 பெரிதா, 100 பெரிதா? அதற்கு இன்னும் பதில் வரவில்லை. ஐந்து நாள் முன்பே இருக்கை உறுதியானால் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கலாம். புறப்படும் நாளில் வாயில் அருகே நின்று திரையில் தன் பெயரின் எழுத்துகளைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு அந்த நிம்மதி இல்லை. அந்த நிலையில் நான் பல முறை நின்றிருக்கிறேன். பதினோரு மணி நேரப் பயண அலுப்போடு இணைப்பு விமானத்துக்காக நின்றபோது, பட்டியலில் முதலாவதாக இருந்தும் கடைசி நிமிடத்தில் இருக்கை வேறொருவருக்குப் போனது. எந்த நிறுவனம் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு முந்திக் கிடைக்கும் ஒவ்வொரு மணி நேரத்தின் அருமையும் எனக்குத் தெரியும்.

நிலாமுற்றம்:
சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைலேஜ் திட்டத்தில் இந்தச் சண்டைக்கே இடமில்லை. நிலைக்காகத் தானாக அப்கிரேட் தரும் வழக்கம் அங்கே கிடையாது. பிசினஸ் கிளாஸ் வேண்டுமென்றால் காசு கொடுக்க வேண்டும், அல்லது மைல்களைக் கொடுக்க வேண்டும். அந்த நிறுவனம் சேர்ந்துள்ள ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியின் தங்க நிலையும் லவுஞ்ச், கூடுதல் பெட்டி, முன்னுரிமை ஏற்றம் ஆகியவற்றைத் தருமே தவிர அப்கிரேடைத் தராது.

நெடும்பயணி:
மூன்று ஆண்டில் காலாவதியாகும் கிரிஸ்ஃப்ளையர் மைல்களோடு, காலாவதியே ஆகாத டெல்டாவின் ஸ்கைமைல்ஸை ஒப்பிட வேண்டாம். அதைத் தனியாக விவாதிக்க நான் தயார்.

நிலாமுற்றம்:
எந்தப் பயணத்துக்கு எத்தனை மைல் கேட்பார்கள் என்ற பட்டியலை டெல்டா 2015இலேயே எடுத்துவிட்டதையும் சேர்த்து எழுதுங்கள். விலை தெரியாத நாணயத்தை ஆயுள் முழுதும் வைத்திருந்து என்ன பயன்?

கணக்கன்:
மறுபடியும் பேச்சு விலகுகிறது. நீண்ட பயணத்தில் தூங்கிக்கொண்டு போக வேண்டும் என்பவருக்கு உள்நாட்டு இரண்டு மணி நேர அப்கிரேட் ஒரு பொருட்டே அன்று. யுனைடெட் 2019இன் இறுதியில் பிளஸ்பாயின்ட்ஸைக் கொண்டுவந்தபோது பிளாட்டினத்துக்கு 40 புள்ளி, 1கே ஆனதும் மேலும் 280 என்று கொடுத்தது. கடல் கடந்த பயணத்தில் படுக்கை இருக்கைக்கு அவற்றைப் பயன்படுத்தலாம். அமெரிக்கனில் 1,75,000 லாயல்டி பாயின்ட்டைத் தொட்டவர் சிஸ்டம்வைட் அப்கிரேடைத் தேர்ந்தெடுக்கலாம். இடமிருந்தால் டிக்கெட் எடுத்த அன்றே உறுதியாகும். டிக்கெட் எடுத்த அன்றே என்றால் எத்தனை மணி நேரம் என்று நெடும்பயணியே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

ஜன்னலோரம்:
நான் முதலில் கேட்டது இதைத்தான். நீங்கள் சான்றிதழைப் பேசுகிறீர்கள், அவர் இலவச அப்கிரேடைப் பேசுகிறார்.

நெடும்பயணி:
"இடமிருந்தால்" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், கணக்கன். என் 120 மணி நேரத்துக்கு எதிராக நீங்கள் சொன்ன குறையும் அதுதான். டெல்டா டயமண்டுக்கும் குளோபல் சான்றிதழைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு, அதற்கு மேல் 120 மணி நேரமும் உண்டு. மூன்றும் ஒன்று என்று எழுதியதைத் திரும்பப் பெறும் வரை நான் இந்த எண்ணைச் சொல்லிக்கொண்டுதான் இருப்பேன்.

கணக்கன்:
திரும்பப் பெற மாட்டேன். அடுத்த திங்கட்கிழமை மூன்று நிறுவனங்களிலும் ஒரே தடத்தில் எத்தனை முதல் வகுப்பு இருக்கைகள் விற்பனைக்கு இருக்கின்றன என்பதை 120ஆவது மணியிலும் 96ஆவது மணியிலும் பார்த்துக் குறித்து வந்து காட்டுங்கள், பிறகு பேசுவோம்.

நெடும்பயணி:
விற்பனைக்கு இருக்கும் இருக்கை வேறு, அப்கிரேடுக்கு விடுவிக்கும் இருக்கை வேறு. அதுகூடத் தெரியாமல் தேர்வு வைக்க வந்துவிட்டீர்கள். 120ஆவது மணியில் என் பெயர் உறுதியான பட்டியலை நான் கொண்டுவருகிறேன்.