ஏர் ரைபிளுக்கு விலை குறைந்த மஸில் பிரேக் (பேரல் நுனியில் மாட்டும் துளைக் குழாய்) மாட்டியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

பாலக்கோடு பெல்லட்:
.177 (4.5 மி.மீ. துளை) ஸ்பிரிங் ஏர் ரைபிள். பேரல் வெளிவிட்டம் 15 மி.மீ., ஆன்லைனில் வாங்கிய பிரேக் 16-க்கானது. விற்றவரைக் கேட்டால், "டேப் சுத்தி மாட்டுங்க சார், எல்லாரும் அப்படித்தான் மாட்டுறாங்க" என்றார். சுற்றினேன். பத்து மீட்டரில் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுந்துகொண்டிருந்த பெல்லட்டெல்லாம் (ஈயக் குண்டு) தாள் முழுக்கச் சிதறியது. சில ஓட்டைகள் வட்டமாகக்கூட இல்லை, பக்கவாட்டில் புரண்டு கிழித்திருந்தது. கழற்றி டார்ச் அடித்தேன். உள்ளே கீழ் விளிம்பில், பென்சிலால் இழுத்த மாதிரி பளபளவென்று, பெல்லட் உரசிய ஒரு ஈயக் கோடு. இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அப்புறம் அந்த ஆள் போனை எடுக்கவே இல்லை.

ஓசூர் கடைசல்:
நான் சிப்காட் பக்கம் ஒரு லேத்தில் அலுமினிய ராடில் கடைந்து வாங்கினேன். படத்தைப் பார்த்ததும் பட்டறை அண்ணன் மெஷினையே நிறுத்திவிட்டார். "சைலன்சர்னா நான் தொடமாட்டேன் தம்பி." பக்கவாட்டில் திறந்த துளைகள்தான், உள்ளே தடுப்போ பஞ்சோ கிடையாது என்று புரியவைத்த பிறகுதான் சக்கில் ராடை மாட்டினார். அவர் தயங்கியதும் நியாயம்தான். சத்தத்தைக் குறைக்கும் கருவி, 2016 ஆயுத விதிகளில் தடை செய்யப்பட்ட வகை.

கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வாங்கும் முன் பேரலை வெர்னியரில் அளந்துவிடுங்கள், ஒரே இடத்தில் இல்லாமல் நுனியிலும் நான்கு விரல் தள்ளியும். சில பேரல் நுனிக்குப் போகப் போகச் சிறுக்கும். பெல்லட் 4.5 மி.மீ., பிரேக்கின் வெளித்துளை 6 மி.மீ.க்குக் குறைந்தால் எனக்கு நம்பிக்கை இல்லை. பேரல் நுனியில் இருக்கும் முன் குறியைக் கழற்றியாக வேண்டும், அதனால் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இல்லாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். பிரேக்கைப் பேரலில் இறுக்கும் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு) மூன்று இருந்தால் ஒன்றை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள், சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. ஒற்றை ஸ்க்ரூ உள்ளது எப்படியும் ஒரு பக்கம் சாயும். ஆலன் கீயைக் கையில் எடுக்கும் முன் உள்ளே பெல்லட் இல்லை, ஸ்பிரிங் இழுத்து நிற்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தகடூரான்:
ரெண்டு பேருமே அடிப்படையை விட்டுவிட்டீர்கள். ஸ்பிரிங் ரைபிளில் பிரேக் எந்த உதையையும் குறைக்காது. வெடிமருந்துத் துப்பாக்கியில் குண்டுக்குப் பின்னால் வரும் வாயு தடுப்பில் மோதித் திரும்பும், அது துப்பாக்கியை முன்னால் இழுக்கும். நம்மிடம் வருவது ஒரு மிடறு காற்று. இங்கே உதைப்பது ஸ்பிரிங்கும் பிஸ்டனும், அதுவும் பெல்லட் வெளியே வருவதற்குள்ளேயே. ஸ்பிரிங்கை இழுக்கப் பேரலை மடக்கும்போது நல்ல பிடி கிடைக்கும், முன்பக்கம் கனம் கூடும். அவ்வளவுதான்.

என் அனுபவம் அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போகும்போது. செக்போஸ்ட்டில் டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். வனக்காவலர் ரைபிளை விட்டுவிட்டு பிரேக்கையே விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். "இது சத்தம் வராம இருக்கறதுக்கா?" .177, சக்தி 20 ஜூலுக்குள், லைசென்ஸ் வேண்டாம் என்று விளக்கினேன். "அதெல்லாம் ஊருக்குள்ள சார். இது சரணாலயம், ஆயுதத்தோட வர எழுத்துல அனுமதி வேணும், வனவிலங்குச் சட்டம் 31-வது பிரிவு" என்று வண்டியைத் திருப்பிவிட்டார். குடும்பம் முழுக்க வண்டியில். மீன் சாப்பாடும் போச்சு.

ஓசூர் கடைசல்:
உதை குறையும் என்று நான் எங்கே சொன்னேன்? இன்னொரு தடவை படியுங்கள் அண்ணா.

பாலக்கோடு பெல்லட்:
சண்டை இருக்கட்டும். 15 மி.மீ. பேரலுக்கு அந்த லேத் அண்ணன் எவ்வளவு வாங்குவார்? ராடு நாமே கொண்டுபோக வேண்டுமா?